அடைத்து வைத்த பல்லியின் சொல்

உங்கள் வீட்டில் இப்போது பல்லி இருக்கிறதா? எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இல்லை. வருஷா வருஷம் ஆள் வந்து மருந்தடித்துவிட்டுப் போகிறான். கரப்பானும் போயிற்று, கூடவே பல்லியும் போயிற்று. சாயங்கால நடைக்கு வரும் நம் வயசுக்காரர்கள் முட்டிவலியில் ஆரம்பித்துப் பிள்ளைகள் கல்யாணத்தில் முடிக்கிறோம். நேற்று நம்மில் ஒருவர் மகளுக்கு வரன் பார்க்கிற கதையைச் சொல்லிக்கொண்டே வந்து, "இது முடிஞ்சிரும்னு தோணுது" என்றார். நான் பழக்க தோஷத்தில் அப்படியே நின்று காதைத் தீட்டிக்கொண்டேன். சுவரே இல்லாத நடைபாதையில் எது சொல்லப் போகிறது? அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மாம்பழக் காலம். எங்கள் வீடு ராஜபாளையத்தில், மில் சங்கு ஊதினால் தண்ணீர்ச் செம்பு அதிரும் தூரத்தில் இருந்தது. அப்பா பேண்டேஜ் துணி வியாபாரம். பெரியப்பா மாந்தோப்புக் குத்தகை. தாத்தாவும் ஆச்சியும் நான் பிறக்கும் முன்பே போய்விட்டதால், தம்பி தங்கைகளை வளர்த்து ஆளாக்கியதெல்லாம் பெரியப்பாதான். அதில் தன் கல்யாணத்தை மறந்தே போனார். வீட்டின் முன்னறையில் ஒரு பக்கம் வெள்ளை வெள்ளையாகத் துணிக் கட்டுகள், மறுபக்கம் வைக்கோலில் பழுக்கப் போட்ட சப்பட்டை மாம்பழம். ஆஸ்பத்திரி வாசமும் மாம்பழ வாசமும் கலந்த அந்த அறையில் மத்தியானம் படுத்தால் எழுந்திருக்கவே மனசு வராது. இன்றைக்கும் மருந்துக்கடையில் புதுப் பஞ்சுச் சுருளைப் பிரித்தால் எனக்கு மாம்பழ ஞாபகம் வருகிறது. சொன்னால் சிரிப்பீர்கள்.

பெரியப்பா பல்லியைக் கேட்காமல் எதையும் செய்யமாட்டார். தோப்புக்காரர் எதிரில் பூ விட்ட மரத்தை அண்ணாந்து பார்ப்பதோடு சரி. பதிலை வீட்டுக்கு வந்து, மறுநாள்தான் சொல்லி அனுப்புவார். முற்றத்துத் தூணில் சாய்ந்து, மனசுக்குள் கேள்வியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். கிழக்கே பல்லி சொன்னால் சரி. தெற்கே சொன்னால் வேண்டாம். மேற்கே சொன்னால் கொஞ்சம் பொறு. வடக்குக்கு மட்டும் அவ்வப்போது ஒரு பலன் வைத்திருந்தார். சொன்னதும் தரையில் விரலால் தட்டிவிட்டு எழுந்து போவார். பல்லி சரியென்று சொன்ன தோப்பு காய்க்காமல் காலை வாரினால், "நான்தான் திசையைத் தப்பாக் கேட்டுட்டேன்" என்பார். பல்லியின் மேல் ஒருநாளும் குற்றம் வந்ததில்லை.

அந்த வருஷம் அவர் மனசுக்குள் போட்டிருந்த கேள்வி அத்தையைப் பற்றியது. அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தினமும் பஸ்ஸில் போய் விலங்கியல் படித்து முடித்திருந்தாள். மேலே படிக்க மதுரையில் இடமும் கிடைத்திருந்தது. மாம்பழம் முடிகிற சமயத்தில் போய்ச் சேர வேண்டும். "போகட்டுமாண்ணே?" என்று அவள் கேட்டதற்குப் பெரியப்பா ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்தார். சுவர் மேற்கேயே சொல்லிக்கொண்டிருந்தது போலிருக்கிறது. அதற்குள் வத்திராயிருப்பில் தென்னந்தோப்பும் வயலுமாக இருக்கிற ஒரு குடும்பத்திலிருந்து பெண் கேட்டுவிட்டார்கள். படிப்பா, வத்திராயிருப்பா? வீட்டில் எல்லோரும் அதையே நினைத்துக்கொண்டு வேறு எதையாவது பேசிக்கொண்டிருந்தோம்.

அந்த நாட்களில்தான் மரப்பல்லி வந்தது. செண்பகத்தோப்புப் பக்கம், மலையடிவாரத்தில் இருந்த குத்தகைத் தோப்பிலிருந்து மாம்பழக் கூடைகளோடு, காற்றில் முறிந்த ஒரு கிளையையும் விறகுக்கு ஆகும் என்று வேனில் போட்டு அனுப்பியிருந்தார்கள். கொல்லையில் அதை இறக்கிப் போட்டதும் அம்மா மண் போகட்டும் என்று விளக்குமாற்றால் தட்டினாள். பட்டையில் ஒரு துண்டு நகர்ந்தது. அம்மா போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது.

"ஏ, தொடாத! மரப்பல்லி, வெஷம்!"

"வெஷமெல்லாம் இல்ல மதினி. செத்த சும்மா இருங்க, ஓடிரப் போகுது" என்றாள் அத்தை. முன்னறையிலிருந்து ஒரு பேண்டேஜ் துணியை உருவிக்கொண்டு வந்து, கோழிக்குஞ்சைக் கவிழ்ப்பது மாதிரி மெதுவாக மேலே போட்டாள்.

வீட்டுப் பல்லியைப் போல ஒன்றரை மடங்கு இருந்தது. மாம்பட்டையின் சாம்பலும் பழுப்பும், நடுநடுவே கோணல்மாணலாகக் கறுப்பும். வயிறு மட்டும் வெளிர்மஞ்சள். கண்ணுக்குள் நிமிர்ந்து நிற்கும் ஒரு மெல்லிய கோடு. அதற்கு இமை கிடையாது. தூசி விழுந்தால் நாக்கை நீட்டித் தன் கண்ணைத் தானே நக்கித் துடைத்துக்கொண்டது. அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் போய்விட்டது. நானும் நாக்கை நீட்டிக் கண்ணைத் தொட முயன்றேன். அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள்.

எங்கள் வீட்டில் ஒரு கம்பிவலை அலமாரி உண்டு. பாலும் தயிரும் மீந்த குழம்பும் பூனைக்குத் தப்பி இருக்கிற இடம். நாலு காலும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கும், எறும்பு ஏறாமல். அந்த வருஷம்தான் அப்பா பிரிட்ஜ் வாங்கியிருந்தார். அலமாரிக்கு வேலை போய்விட்டது. அத்தை அதைக் கழுவித் துடைத்து, அடுப்படியின் கிழக்குச் சுவர் ஓரமாகத் தள்ளி வைத்து, தட்டுகளை உருவிவிட்டு, பல்லியோடு அந்தக் கிளையின் ஒரு துண்டையும் உள்ளே நிறுத்தினாள். வலை கிழிந்த இடத்தில் பேண்டேஜ் துணியை வைத்துத் தைத்தாள். அலமாரிக்குக் காயம் பட்டுக் கட்டுப் போட்ட மாதிரி இருந்தது.

முதலில் அது எதையும் சாப்பிடவில்லை. கட்டையின் பின்பக்கம் ஒண்டிக்கொண்டது. பகலில் வெளுத்துப் போய்விடும். சாயங்காலம் ஆக ஆகக் கறுக்கும். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. அத்தை செம்பிலிருந்து விரலால் தெளித்தாள். பட்டையில் உருண்டு நின்ற துளியை மட்டும் நக்கியது. காட்டில் மழைத்துளியைத்தானே குடித்திருக்கும்? பிறகு நாங்கள் டியூப் லைட்டுக்கு அடியில் ஈசலும் விட்டில் பூச்சியும் பிடித்து விட ஆரம்பித்தோம். ஒருநாள் கண்ணெதிரே ஒரு கரப்பானைக் கவ்விக் கட்டையில் அடித்தது. ஒருநாள் உடம்பு முழுவதும் சாம்பல் பூத்து, மூக்கிலிருந்து தோல் கிழிந்து, சட்டையைக் கழற்றுவது போலக் கழற்றி, கழற்றியதைத் தானே தின்றுவிட்டது. நானும் அத்தையும் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு மத்தியானம் முழுக்க அதைப் பார்த்துக் கிடந்தோம். வெளியே வெயில். மில் சங்கு. முன்னறையிலிருந்து பழுக்கிற மணம். அதன் தொண்டை மட்டும் ஏறி ஏறி இறங்கும். அதையே பார்த்துக்கொண்டிருந்தால் நம் மூச்சும் அதற்கேற்ப மாறிவிடும். நான் எத்தனையோ தடவை அப்படியே தூங்கிப் போயிருக்கிறேன்.

"அத்தை, அது நம்மளயே பாக்குது."

"பாக்குற மாதிரி இருக்கு, அம்புட்டுதான். அது பாக்குறது வெளிய போற வழியை" என்றாள் அத்தை.

"அப்ப விட்டுரலாமே?"

"விட்டுருவோம். நான் மதுரைக்குப் போற அன்னைக்கு அதையும் தோப்புல விட்டுட்டுப் போறேன்."

பழம் எடுக்கப் போகும் வேனில் எங்களையும் ஏற்றிக்கொண்டு போவார்கள். தோப்பில் மரப்பல்லி தேடுவது எனக்கு அப்போது பெரிய விளையாட்டு. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் மரம் மரமாகத்தான் இருக்கும். சலித்துப் போய் மரத்தில் கையை ஊன்றினால் விரலுக்கு அடுத்து இருக்கிற பட்டை விறுக்கென்று ஓடும். அலமாரிக்குள் இருக்கிறது திருஷ்டிப் பொட்டு மாதிரி தனியாகத் தெரியும். இங்கே மரத்தோடு மரமாகிவிடும். ஆனால் பொழுது சாய்வதற்குள் பெண்பிள்ளைகள் எல்லோரும் வேனில் ஏறிவிட வேண்டும். மலையிலிருந்து யானை இறங்குகிற தோப்பு அது. காவல்காரர் தகர டின்னைத் தட்ட ஆரம்பிக்கும்போது நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரிகிற இடத்துக்கு வந்திருப்போம். அத்தைக்கும் அதே சட்டம்தான். அந்தத் தோப்பில் இருட்டு விழுந்து அவள் பார்த்ததே இல்லை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வத்திராயிருப்புக்காரர்கள் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை நல்ல மாதிரிதான். எனக்குக்கூட ஒரு சாக்லேட் கொடுத்தார். பேச்சு தேங்காய் விலையில் சுற்றி, மழையில் சுற்றி, கடைசியில் மாப்பிள்ளையின் அப்பா நேராகக் கேட்டார்:

"அப்புறம், என்ன சொல்றிய?"

பெரியப்பாவின் கண் சுவரில் மேய்ந்தது. காப்பித் தட்டோடு வந்த அத்தை நிலைப்படியில் நின்றாள். அப்போது கிழக்கேயிருந்து, அடுப்படியிலிருந்து, அவ்வளவு கணீரென்று ஒரு பல்லி சொல்லி நான் கேட்டதே இல்லை. ட்சிக், ட்சிக், ட்சிக் என்று விட்டுவிட்டு நிதானமாகச் சொன்னது.

பெரியப்பா தரையில் விரலால் தட்டினார். மாப்பிள்ளை வீட்டாரும் தட்டினார்கள். "பல்லியே சொல்லிருச்சு, பொறவு என்ன?" என்று எல்லோரும் சிரித்தார்கள். நான் அத்தையைப் பார்த்தேன். அவளுக்கும் எனக்கும் மட்டும் அது யாருடைய குரல் என்று தெரியும். அவள் தெளித்துத் தெளித்துத் தண்ணீர் கொடுத்து வளர்த்த குரல்.

அவர்கள் போனபின் அவள் அலமாரி முன்னால் போய் நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. வழக்கம் போலச் செம்பை எடுத்துத் தண்ணீர் தெளித்தாள். தெளித்துக்கொண்டே அழுதாள். எனக்கு அந்தப் பல்லியின் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்தாள். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். எங்களிடம் தமிழ்தான், ஆச்சரியம் வந்தால் மட்டும் தாய்மொழி எட்டிப் பார்க்கும். முந்தின நாள் அடுப்படியில் கேசரி கிளறிக் கொடுத்தது அவள்தான். பெரியப்பா பல்லி சொன்ன பெருமையை அவளிடம் எடுத்து விட்டார்.

"அவுனா! செவத்துப் பல்லின்னா நெனச்சிய? நான் பக்கத்துலதான நின்னேன். இந்த அலமாரிக்காரியில்ல சொன்னா! தொண்டை அசைஞ்சதைக் கண்ணால பார்த்தேன்."

பெரியப்பா முகத்தில் ஈயாடவில்லை. அவ்வளவு நேரம் கையில் பிடித்திருந்த காப்பி ஆறிப் போயிற்று. கடைசியில் கேட்டார்: "அடைச்சு வச்ச பல்லி சொன்னா செல்லுமா?"

அந்தக் கேள்வி எங்கள் வீட்டை விட்டு இறங்கித் தெருவில் நடக்க ஆரம்பித்தது. உங்களுக்கு இதெல்லாம் பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். அங்கே யாரும் சிரிக்கவில்லை. "பல்லி எங்க இருந்தாலும் பல்லிதானண்ணே" என்றார் அப்பா. மரத்துப் பல்லிக்கு வீட்டுக் காரியம் எப்படித் தெரியும் என்றாள் அம்மா. பால்காரர்கூட, கட்டிப் போட்ட மாடும் கத்தத்தானே செய்யுது என்று ஒரு நியாயத்தை ஊற்றிவிட்டுப் போனார். எல்லோரையும் விட நன்றாக வாதாடியது இதில் துளியும் நம்பிக்கை இல்லாத அத்தைதான்.

"அண்ணே, அந்த அலமாரியைக் கிழக்கச் சுவத்துல வச்சது நான். தெக்க வச்சிருந்தா அது தெக்கதான சொல்லியிருக்கும்? அப்பம் வேண்டாம்னு ஆயிருக்கும்ல?"

பெரியப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்கே என்னையும் அத்தையையும் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினார். மடவார் வளாகத்தில், கோயிலுக்கு அடுத்த சந்தில், அவர் மதிக்கிற ஒரு சோசியர் இருந்தார். சோசியர் முழுக் கதையையும் கேட்டார். சிரிக்கவும் இல்லை, சோழியை எடுக்கவும் இல்லை. வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னார்:

"பல்லி தானா ஊர்ந்து வந்து, தான் நிக்கிற எடத்துல இருந்து சொல்லணும். நீங்க கொண்டுபோய் வச்ச எடத்துல இருந்து சொன்னா அது உங்க சொல்லு. அதோட சொல்லு இல்ல."

"என் சொல்லா?" என்றார் பெரியப்பா. நெருப்பை மிதித்தவர் மாதிரி காலை இழுத்துக்கொண்டார். அவர் ஏன் அப்படிப் பயந்தார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

"எடுத்த எடத்துலயே கொண்டுபோய் விட்டுட்டு, அங்க நின்னு கேளுங்க" என்று முடித்தார் சோசியர்.

பஸ் ஸ்டாண்டில் பெரியப்பா பால்கோவா வாங்கிக் கொடுத்தார். இலைச்சருகில் வைத்துக் கட்டின, சூடு ஆறாத பால்கோவா. அத்தை அதைத் தொடாமல் யோசித்துக்கொண்டே வந்தாள். பஸ் கிளம்பியதும் முன்சீட்டில் இருந்த பெரியப்பாவின் தோளைத் தொட்டாள்.

"அண்ணே, அப்படியே செய்வோம். தோப்புல விட்டுக் கேளுங்க. அங்க அது சொல்லிருச்சுன்னா நான் மறுபேச்சில்லாம வத்திராயிருப்புக்குக் கழுத்த நீட்டுறேன். சொல்லலன்னா என்னை மதுரைக்கு அனுப்பிருங்க."

பெரியப்பா சரியென்று தலையாட்டினார். "ஏன் அத்தை அப்படிச் சொன்ன?" என்று காதில் கேட்டேன். அவள் பால்கோவாவில் பாதியை என் வாயில் போட்டாள்.

"ஏட்டி, கையில பிடிச்சு விட்ட பல்லி செத்தது மாதிரி கிடக்கும். பயத்துல வாயைத் திறக்காது. இத்தன நாளாப் பாக்கேன்ல, எனக்குத் தெரியாதா?"

அன்று அம்மாதான் என் தலையைப் பின்னிவிட்டுக்கொண்டே, முன்னறையில் மாலை போட்டு மாட்டியிருந்த படத்தைப் பற்றிச் சொன்னாள். அது மூத்த அத்தை. "அவளச் செட்டியார்பட்டியில கட்டிக் குடுக்கையில ஒங்க பெரியப்பா யாரையும் கேக்கல. எனக்குப் பிடிச்சிருக்கு, நான் சொல்றேன், கட்டிக்கோன்னு ஒரே சொல்லா முடிச்சுட்டாவ. மாப்பிள்ளை மேல குத்தம் சொல்லக் கூடாது, தங்கமான மனுசன். பிரசவத்துல போயிட்டா பாவி. யாரு என்ன செய்ய முடியும்? ஆனா பெரியவிய அதைத் தன் தலையில போட்டுக்கிட்டாவ. அன்னைல இருந்துதான் இந்தப் பல்லி." அம்மா இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். நானும் சாதாரணமாகத்தான் கேட்டுக்கொண்டேன். எனக்கு அப்போது பெரியப்பா என்றால் காரியத்தைக் கெடுக்கிற ஒரு பிடிவாதக்காரர், அவ்வளவுதான். அவர் கேள்வி கேட்பதைப் பார்த்தோமே தவிர, தன் வாயைக் கண்டு அவரே பயந்து கிடந்ததை நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் மத்தியானத்துக்கு மேல் பழ வேனில் எல்லோரும் ஏறினோம். பெரியப்பா, அப்பா, அம்மா, அத்தை, நான். பேண்டேஜ் துணியில் சுற்றிய கட்டை அத்தையின் மடியில் இருந்தது. தோப்பில் பழம் பறித்துக் கூடை கட்டி முடிக்க வெயில் தாழ்ந்துவிட்டது. காவல்காரர் மலையைப் பார்ப்பதும் எங்களைப் பார்ப்பதுமாக இருந்தார்.

"முதலாளி, பொம்பளையாள வச்சுக்கிட்டு நிக்காதிய. வெரசாக் கேட்டுட்டுக் கெளம்புங்க."

பெரியப்பா செருப்பைக் கழற்றினார். கிளை முறிந்த மரத்தடிக்கு அத்தை போனாள். கட்டையை மரத்தோடு சாய்த்து நிறுத்தித் துணியை விலக்கினாள். அலமாரிக்குள் வெளுத்துக் கிடந்த பிராணி வெளிச்சத்தில் அசையாமல் இருந்தது. பிறகு ஒரு காலை எடுத்து மரத்தில் வைத்தது. இன்னொரு காலை வைத்தது. விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்து பட்டையில் ஒட்டின. நாலு எட்டு ஏறி நின்றது. நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். பார்த்துக்கொண்டே இருக்கும்போதே காணாமல் போயிற்று. ஓடவில்லை, அங்கேயேதான் இருந்தது. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

வழக்கமாக மனசுக்குள் கேட்கிற பெரியப்பா அன்று வாய்விட்டுக் கேட்டார். "இந்தப் பிள்ளையை வத்திராயிருப்புக்குக் குடுக்கலாமா?"

மரம் பேசாமல் நின்றது. மலைமேல் வெயில் மஞ்சளாகி, சிவப்பாகி, போயே போயிற்று. அழுகின பழத்தின் இனிப்பு மணமும் கீழே குளிர ஆரம்பித்த மண்ணின் மணமும் எழுந்தன. அத்தை என் கையைப் பிடித்திருந்தாள். அவள் உதட்டில் சிரிப்பு எட்டிப் பார்ப்பதை நான் பார்த்தேன். "போதும்ணே, அது சொல்லாது" என்று அவள் வாயெடுத்தாள்.

அப்போது ட்சிக் என்றது. அந்த மரம் இல்லை, அதற்குப் பின்னால் இருந்த மரம். பெரியப்பா அந்தப் பக்கம் திரும்பினார். உடனே இடது கைப் பக்கம் ஒன்று. பிறகு முதுகுக்குப் பின்னால். பிறகு தலைக்கு மேலே. ஒன்று விட்ட இடத்தில் இன்னொன்று எடுத்துக்கொண்டது. அந்தத் தோப்பில் அத்தனை மரத்திலும் பகலெல்லாம் பட்டையாக இருந்ததெல்லாம் இப்போது வாய் திறந்து பேச ஆரம்பித்தது. கிழக்கும் தெற்கும் மேற்கும் வடக்கும் ஒரே நேரத்தில் சொல்லிக்கொண்டிருந்தன. நாங்கள் அந்தச் சத்தத்துக்கு நடுவில் நின்றோம். எனக்குப் பயமாகவும் இல்லை, சிரிப்பாகவும் இல்லை. அப்படியே நிற்க வேண்டும் போல இருந்தது. அத்தையின் முகத்தைப் பார்த்தேன். அலமாரிக்குள் இருந்த ஒன்றைப் பார்த்து எல்லாம் தெரிந்துகொண்டதாக நினைத்திருந்தவளுக்கு, அதன் சனம் முழுக்க வெளியே இருந்தது தெரியாமல் போயிற்று.

"சொல்லிருச்சுண்ணே!" என்றார் அப்பா.

"பொழுது சாஞ்சா தெனமும் இப்படித்தான் கத்தும். இதுல என்னத்தக் கேக்க?" என்றார் காவல்காரர்.

பெரியப்பா சுற்றிச் சுற்றித் திரும்பிக்கொண்டிருந்தார். விரலை நீட்டியபடி, எங்கே தட்டுவது என்று தெரியாமல். பிறகு மாம்பழக் கூடையின் மேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குத் தெரியலத்தா. எனக்கு ஒண்ணும் தெரியல. நான் வாயத் திறந்து ஒருத்திய அனுப்பினேன். அவ திரும்பி வரல" என்று சொல்லி, எங்கள் எல்லோருக்கும் முன்னால், சின்னப் பிள்ளை மாதிரி தேம்பி அழுதார்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா தரையைப் பார்த்தார். பந்தயப்படி அத்தை தோற்றுவிட்டாள். வாயை மூடிக்கொண்டு வந்திருந்தால் கல்யாணம் நடந்திருக்கும், யாரும் அவளைக் குறை சொல்லியிருக்கவும் மாட்டார்கள். அவள் என் கையை விட்டுவிட்டுப் போய் அண்ணன் எதிரில் மண்ணில் உட்கார்ந்தாள்.

"அப்பம் நீங்க சொல்லாதிங்கண்ணே. பல்லியும் சொல்ல வேண்டாம். நான் சொல்றேன்."

பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"நான் படிக்கப் போறேன். வத்திராயிருப்பு வேண்டாம். நாளப் பின்ன இது தப்பாப் போச்சுன்னா, நான் சொன்னது. உங்க பேரு இதுல இல்ல. அழணும்னா நான் அழுதுக்கிடுறேன்."

"கெட்டுப் போனா?"

"கெட்டாலும் என்னுதுண்ணே."

அவர் துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்தார். "வண்டிய எடுக்கச் சொல்லு" என்று அப்பாவிடம் சொன்னார். அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அனுமதி என்றால் அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இருக்காது.

அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அத்தை படித்தாள், தென்காசிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சரானாள். தொண்ணூறுகளில், கூட வேலை பார்த்த ஒருவரைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டாள். எல்லாம் சர்க்கரையாக இருந்தது என்று சொல்லமாட்டேன். இரண்டு தடவை கோபித்துக்கொண்டு பெட்டியோடு வந்தாள். வந்தபோதெல்லாம், தான் சொன்னபடியே தான் மட்டும் அழுதுவிட்டு, தானாகவே திரும்பிப் போனாள். பெரியப்பா பஸ் ஏற்றிவிடப் போவார். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. அவள் வாங்கிக் கொடுத்த பெரிய படிப்புப் புத்தகங்கள் என்னிடம் கொஞ்சநாள் இருந்தன. வீடு மாறுகையில் போயின. கம்பிவலை அலமாரியையும் யாரோ பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டார்கள்.

ஆனால் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது அந்தத் திரும்பும் வேன்தான். பெரியப்பா முன்னால் ஏறவில்லை, எங்களோடு பின்னால் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்தார். வேன் மண் ரோட்டைத் தாண்டித் தார் ரோட்டில் ஏறுவதற்குள் அப்பாவின் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார். ஒவ்வொரு குலுக்கலுக்கும் தலை ஆடியது, விழிக்கவில்லை. கோபத்தில் தூங்குவது போல நடிக்கிறார் என்று அன்று நினைத்தேன். எத்தனை வருஷமாகத் தூங்காதவர் என்று இப்போது, எனக்கே பிள்ளைகள் விஷயத்தில் ராத்தூக்கம் கெட்டபிறகு, தெரிகிறது.

அத்தை தூங்கவில்லை. வேனின் பின்கதவை ஒட்டி உட்கார்ந்து, பின்னால் போகிற இருட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஜெயித்தவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்து அவள் கையைப் பிடித்தேன். கை ஜில்லென்று இருந்தது.

"பயமா இருக்கா அத்தை?"

"ஆமாட்டி. எம்புட்டுப் பயமா இருக்கு தெரியுமா!" என்றாள். பிறகு பெரியப்பாவைப் பார்த்தாள். அவர் தோளிலிருந்து நழுவியிருந்த துண்டை எடுத்து, எழுப்பிவிடாமல் மெதுவாக மேலே போர்த்திவிட்டாள்.